அப்பாவின் ஒரு மாதப் பென்ஷன்

அப்பா காலமாகி வருஷம் திரும்பப் போகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அவன் பேர்ல என்ன செய்யப் போறிய?" பெரியப்பா, ஊர் அம்மன் கோயிலுக்கு இரும்புக் கதவு போட்டுக் கொடுக்கலாம் என்றார். 'உபயம்' என்று பெயர் எழுதி வைத்தால் காலத்துக்கும் இருக்கும் என்பது அவர் எண்ணம். அத்தை அன்னதானம் என்றாள். தம்பி, அப்பா படித்த பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கிக் கொடுக்க விசாரித்து வைத்திருந்தான். ஒன்றையும் தப்புச் சொல்ல முடியாது. எல்லாமே அப்பாவுக்குப் பிடித்த காரியங்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். "அவுக கடைசியா ஒரு மாசத்துக்கு எவ்வளவு பென்ஷன் வாங்குனாகளோ, அந்தப் பணத்த வருஷா வருஷம் கப்பல்காரவுகளுக்குக் கொடுத்திருங்க. பென்ஷன் இல்லாத கப்பல்காரவுகளுக்கு."

தம்பி மனைவிக்குப் புரியவில்லை. பட்டாளத்தில், கப்பலில் இருந்தவர்களுக்குப் பென்ஷன் இல்லாமல் போகுமா என்று கேட்டாள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பதிவை எழுத அந்தக் கேள்விதான் காரணம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்க்காரர். 1967-இல் கடற்படையில் சேர்ந்தார். லோனாவாலாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி. அது கடலே கண்ணில் படாத மலை ஊர். ஆனால் கப்பல் இன்ஜினையும் பாய்லரையும் அங்கேதான் சொல்லிக் கொடுப்பார்கள். பயிற்சி முடிந்து அவர் ஸ்டோக்கராகப் போய்ச் சேர்ந்த கப்பல் விக்ராந்த். இந்தியாவின் முதல் விமானந்தாங்கி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்து 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் அரைகுறையாக நிறுத்திவைத்த கப்பல் அது. 1957-இல் நாம் வாங்கினோம். கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று பெல்பாஸ்ட் நகரில் விஜயலட்சுமி பண்டிட் கையால் நம் கடற்படையில் சேர்ந்தது.

விக்ராந்த் என்றதும் எல்லாரும் மேல்தளத்தைத்தான் நினைப்பார்கள். சீஹாக் விமானங்கள் சீறிப் பாய்வதும், திரும்பி வந்து கம்பியில் கொக்கி மாட்டி நிற்பதும் படங்களில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அப்பா இருந்த இடம் அதற்குப் பல தளங்களுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே உள்ள பாய்லர் அறை. அங்கே ஜன்னல் கிடையாது. பகல் ராத்திரி தெரியாது. நாலு மணி நேரம் ஒரு வாட்ச். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு, வேர்வை ஊறிய ஓவராலோடு நிற்க வேண்டும். உலை எண்ணெயைப் பீய்ச்சி எரிக்கும் பர்னர்களைக் கவனிப்பது, காற்று சரியாகப் போகிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

அந்தக் கண்ணாடிக் குழாய் பற்றி அப்பா சொல்லாத நாள் இல்லை. பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். மட்டம் இறங்கிவிட்டால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ரொம்ப ஏறிவிட்டால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து போய் டர்பைனைக் கெடுக்கும். கப்பல் ஆடும்போது அந்த மட்டமும் ஆடும். ஆட்டம் எது, உண்மையான இறக்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் ஸ்டோக்கர் என்பார். பிற்காலத்தில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தபோதும் அவர் பாய்லர் பக்கம்தான். எத்தனை டயல்கள், விளக்குகள் வந்தாலும் முதலில் தண்ணீர் மட்டத்தைத்தான் பார்ப்பாராம்.

1970-இல் விக்ராந்த் பாய்லர்களின் தண்ணீர் டிரம்களில் விரிசல் கண்டுபிடித்தார்கள். பற்றவைத்துச் சரி செய்யக்கூடிய விரிசல் இல்லை. புது டிரம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பாய்லரை ஏற்றக்கூடாது என்று உத்தரவாகி, கப்பல் பம்பாயில் மாதக்கணக்கில் சும்மா நின்றது. 1971 தொடக்கத்தில் கிழக்கு வங்கத்தில் நிலைமை மோசமாக ஆக, இந்தக் கப்பலைச் சும்மா விட முடியாது என்றாகிவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பாய்லர்களை மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனால் பழைய வேகம் வராது. விமானந்தாங்கிக்கு வேகம் என்பது வெறும் ஓட்டம் சம்பந்தப்பட்டது இல்லை. கப்பல் காற்றை எதிர்த்து விரைவாகப் போனால்தான் மேல்தளத்தில் விமானம் எழும்பத் தேவையான காற்று கிடைக்கும். அந்த விரிசல் பாய்லர்களோடுதான் விக்ராந்த் கிழக்குக் கரைக்கு வந்து, பிறகு அந்தமானுக்குப் போய், போருக்குக் காத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். விரிசல் விட்டது என்று தெரிந்த பாய்லருக்கு முன்னால் இருபத்திரண்டு வயதுப் பையன்கள் நாலு நாலு மணி நேரமாக நிற்கிறார்கள். பயமாக இல்லையா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "பயப்படுதவனுக்குக் கண்ணு கண்ணாடிக் குழாய்ல நிக்காது. அதனால பயப்பட நேரம் இல்ல" என்றார்.

1971 டிசம்பர் 4 காலையில் விக்ராந்திலிருந்து சீஹாக்குகள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்றைக்கே சிட்டகாங். பிறகு குல்னா, மோங்க்லா என்று நாள் தவறாமல். அப்பா அதில் ஒரு விமானம் பறந்ததையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொன்று பறந்ததும் அவருக்குத் தெரியும். விக்ராந்தில் விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் நீராவியில் இயங்கியது. மேலே ஒரு விமானம் எழும்பினால் கீழே அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும். கூடவே தலைக்கு மேலே தடால் என்று ஒரு சத்தம். உடனே முள்ளை மறுபடி ஏற்ற வேண்டும், அடுத்த விமானம் காத்திருக்கும். "முள்ளு இறங்குனா நம்ம பயலுவ ஒருத்தன் மேல போயிருக்கான்னு அர்த்தம். திரும்பி வந்தானா இல்லையான்னு வாட்ச் முடிஞ்சு மேல போனாத்தான் தெரியும்." அப்பா தன் போரை முழுக்க அந்த ஒரு முள்ளில்தான் பார்த்திருக்கிறார்.

கிழக்குக் கடற்படைத் தளபதியாக அப்போது இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். டாக்காவில் டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்து கையெழுத்திட்ட அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தில் பின்னால் நிற்பவர்களில் ஒருவர். அந்தப் படம் பத்திரிகையில் எப்போது வந்தாலும் அப்பா விரல் வைத்துக் காட்டுவார், "நம்ம நாகர்கோவில்காரர்" என்று. விக்ராந்த் அந்தமானில் இருக்கும்போது அது விசாகப்பட்டினம் பக்கம் இருப்பது போலப் போக்குக் காட்டியது அவருடைய ஏற்பாடு. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அது எப்படி மூழ்கியது என்பதில் இரண்டு நாடுகளும் இன்றைக்கும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை.

எங்களை ஒரு கோடை விடுமுறையில் விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனார் அப்பா. ராமகிருஷ்ணா கடற்கரையில் 'விக்டரி அட் ஸீ' என்று 1971 வெற்றிக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. நான் காஸி மூழ்கியதைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொன்னேன். அப்பா கடலையே பார்த்துக்கொண்டு, "அதுலயும் இன்ஜின் ரூம்ல நம்மள மாதிரி பயலுவதான் இருந்திருப்பானுவ, மா" என்றார். குக்ரி பற்றி அவர் அவ்வளவுகூடப் பேசியதில்லை. டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹேங்கோர் தாக்கி மூழ்கடித்த நம் கப்பல் அது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்காமல் அதோடு போனார். லோனாவாலாவில் அப்பாவோடு ஒரே வரிசையில் பயிற்சி எடுத்த சிலர் அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று அம்மாதான் எங்களுக்குச் சொன்னாள்.

இனி தஞ்சாவூர் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவோடு அதே பாய்லர் அறையில், அதே வாட்சில் நின்றவர். அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் எங்களுக்கு மாமா. இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே போரில் இருந்தவர்கள். இருவருக்கும் பூர்வி ஸ்டார், சங்க்ராம் மெடல் இரண்டும் கிடைத்தன. பூர்வி ஸ்டார் என்பது 1971-இல் கிழக்கு முனையில் போரிட்டவர்களுக்குத் தரப்பட்டது. இதுவரை இருவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு முதல் ஒப்பந்தம் பத்து வருஷம். பத்து வருஷம் கப்பலில் இருந்துவிட்டு, அடுத்த பத்து வருஷம் ரிசர்வில் இருக்கலாம். வீட்டில் இருந்தாலும் கூப்பிட்டால் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு சிறு பென்ஷன் உண்டு. சேரும்போது எல்லாரும் நம்பிச் சேர்ந்தது இந்த ஏற்பாட்டைத்தான். 1976 ஜூலையில் இது மாறியது. ரிசர்வுக்கு அனுப்புவது நின்றது. பென்ஷன் வேண்டுமென்றால் பதினைந்து வருஷம் இருக்க வேண்டும் என்றானது. 1977-இல் இருவருக்கும் பத்து வருஷம் முடிந்தபோது அப்பா மேலும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மாமாவால் முடியவில்லை. அவர் அப்பா படுத்த படுக்கை, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு தங்கைகள். ஊருக்கு வந்தார். அந்த ஐந்து வருஷ வித்தியாசத்தில் அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்கப் பென்ஷன், மாமாவுக்கு ஒன்றும் இல்லை.

விக்ராந்தின் பாய்லரைப் பார்த்தவர் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில், நெல் அவிக்க உமி போட்டு எரிக்கும் பாய்லரைப் பார்த்தார். வயசாகி உடம்பு விடும்வரை அதே வேலைதான். எங்கள் வீட்டில் ஒவ்வொரு டிசம்பர் முதல் வாரத்திலும் ஒரு மணியார்டர் போகும். பாரத்தை அம்மா எழுதுவாள், கீழே செய்தி எழுதும் இடத்தை மட்டும் அப்பா எழுதுவார். "நலம். பாய்லர் ஒழுங்காக இருக்கிறதா?" அவ்வளவுதான் வாசகம், எல்லா வருஷமும். மாமா பதிலுக்கு ஒரு கார்டு போடுவார். "தண்ணீர் மட்டம் சரி."

மாமா போன பிறகு அவர் மனைவிக்கு, எங்கள் தஞ்சாவூர் அத்தைக்கு, வருமானம் என்று எதுவும் இல்லை. அப்பா தஞ்சாவூருக்குப் போய் அத்தையைக் கூட்டிக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். நானும் கூட இருந்தேன். பழைய மேஜை, மேலே ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே காலண்டர் அட்டையும் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை. பென்ஷன் இல்லாத, வயதான முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவித்தொகை உண்டு என்று அங்கிருந்தவர் சொல்லி விண்ணப்பம் கொடுத்தார். மாமாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை அத்தை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டி, கப்பல் பெயர், தேதி எல்லாம் தானே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இதுக்கு யாரு பணம் கொடுக்கா?" என்று கேட்டார். அலுவலர் கண்ணாடிக்குக் கீழே இருந்த கொடியைக் காட்டினார். "கொடி நாள் பணம்தான் சார்."

பள்ளிக்கூடத்தில் கொடி நாள் வந்தால் டீச்சர் ஒரு கொடியும் குண்டூசியும் கொடுப்பார்கள், காசு கொண்டுவரச் சொல்வார்கள். சட்டையில் குத்திக்கொண்டு போனதோடு சரி, அந்தக் காசு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அது அத்தை வீட்டு அரிசிப் பானைக்குப் போகிறது என்று தெரிந்தது. அம்மா சொன்ன 'பென்ஷன் இல்லாத கப்பல்காரவுக' இவர்கள்தான்.

மாமாவைப் போல வெளியே வந்த மாலுமிகள் சிலர் விடாமல் வழக்கு நடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 அக்டோபரில் அவர்களில் தகுதியானவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. விதி மாறி நாற்பது வருஷம் கழித்து. அப்போது மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. அப்பா அந்தச் செய்தியை வெட்டி எடுத்து, மாமாவின் பழைய கார்டுகளோடு வைத்துக்கொண்டார்.

கொடி நாள் பற்றி இப்போது கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தமிழில் யாரும் எளிதாக எழுதி நான் படித்ததில்லை.

சுதந்திரம் வந்த இரண்டே வருஷத்தில், 1949-இல், டிசம்பர் 7-ஐப் படைவீரர் கொடி நாளாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. கொடியில் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. முன்பு தனித்தனியாக இருந்த பல நிதிகளை 1993-இல் ஒன்றாகச் சேர்த்து, படைவீரர் கொடி நாள் நிதி என்று ஆக்கினார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு இதைப் பார்த்துக்கொள்கிறது. மாவட்டத்தில் ஆட்சியர் வழியாக உண்டியலிலும் பள்ளிகளிலும் வசூலாகும் பணம் மாநில அளவில் போகிறது. டெல்லி நிதிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சைனிக் போர்டின் இணையதளத்திலேயே செலுத்தலாம். எந்த வழியில் போனாலும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குத்தான்.

டெல்லி நிதியிலிருந்து போகும் உதவிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, பென்ஷன் இல்லாத 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் ஆயுள் முழுக்கத் தரும் மாத உதவித்தொகை. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு இது பொருந்தும். கடற்படையில் அதற்கு இணை பெட்டி ஆபீசர். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 இருந்தது 2,000 ஆனது. பெண் கல்யாணத்துக்கு 50,000 இருந்தது ஒரு லட்சம் ஆனது. இது தவிர, முதுகுத்தண்டு அடிபட்டு எழுந்து நடக்க முடியாமல் போன வீரர்களுக்காகப் புனே பக்கம் கிர்க்கியிலும் மொகாலியிலும் நடக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் இந்த நிதியிலிருந்து உதவி போகிறது.

எட்டாயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். எழுபது வயதில், வாடகை வீட்டில், மாத்திரை வாங்கக் கையேந்தாமல் இருக்க வேண்டிய ஓர் அம்மாவுக்கு அது பெரிய தொகைதான். அத்தையை நான் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வந்த பிறகு எங்களுக்கு அவள் போட்ட முதல் கடிதத்தில், மளிகைக் கடைப் பாக்கியை அடைத்துவிட்டேன் என்பதைத்தான் முதல் வரியாக எழுதியிருந்தாள்.

இன்னொரு கேள்வியும் வரும், எங்கள் வீட்டிலேயே வந்தது. பெரியப்பா கேட்டார், "நாட்டுக்காக நின்னவனுக்கு அரசாங்கம்தான கொடுக்கணும்? நாம எதுக்கு உண்டியல்ல போடணும்?" நியாயமான கேள்வி. அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. அதைக் கேட்டு வாங்க வழக்கும் மனுவும் வேண்டும், அவற்றை நடத்துகிறவர்களுக்கு நாம் துணை நிற்கவும் வேண்டும். ஆனால் தீர்ப்பு வர நாற்பது வருஷம் ஆகும் இடத்தில், அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. நான் பெரியப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பங்காகவும் ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். எல்லா நிதியும் ஒன்றில்லை. 'பாரத் கே வீர்' என்பது எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினரின் குடும்பங்களுக்காக உள்துறை அமைச்சகம் நடத்துவது. தேசியப் பாதுகாப்பு நிதி 1962-இல் தொடங்கியது, பிரதமர் தலைமையிலான குழுவின் பொறுப்பில் இருக்கிறது. இவையும் நல்ல இடங்களே. ஆனால் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்ட, முதுமையில் தனித்து நிற்கும் பழைய படைவீரரை நினைத்துக் கொடுப்பதென்றால் கொடி நாள் நிதிதான் பொருத்தம். போர்ச் செய்தி வரும் சமயங்களில் வாட்ஸ்அப்பில் ஏதேதோ வங்கிக் கணக்கு எண்கள் சுற்றும். அவற்றில் போடாதீர்கள். அரசு இணையதளத்தில் நேராகச் செலுத்துங்கள், அல்லது உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அப்பாவின் கப்பல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1997 ஜனவரி 31 அன்று விக்ராந்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். கொஞ்ச காலம் மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. 2014-இல் ஏலம் போய், உடைத்தார்கள். டிவியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. 2016-இல் பஜாஜ் கம்பெனி அந்த இரும்பைச் சேர்த்து ஒரு பைக் செய்திருப்பதாக விளம்பரம் வந்தது. தம்பி அவரைக் கடைக்குக் கூட்டிப்போனான். வண்டியின் டேங்கில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். "பாய்லர் ரூம் இரும்பா இருக்காது. அது நம்ம பாத்தது, கறுத்துல்லா கிடக்கும்" என்றாராம் கடைக்காரப் பையனிடம்.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புது விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தபோது அப்பாவுக்கு நடக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து முழு நிகழ்ச்சியும் பார்த்தார். அதில் கேஸ் டர்பைன், பாய்லர் கிடையாது என்று தம்பி சொன்னதும் முகம் அப்படி மலர்ந்தது. "அப்ப இனிம ஒரு பயலும் அந்தச் சூட்டுல நிக்க வேண்டாம்" என்றார். தன் தொழில் ஒழிந்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

அம்மா சொன்னபடியே செய்தோம். கடைசிப் பென்ஷன் வரவான வங்கிப் புத்தகத்தை எடுத்து, அந்தத் தொகையைப் பார்த்து, நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டோம். டிசம்பர் 4, கடற்படை நாள் அன்று கட்டினோம். அப்பா மணியார்டர் அனுப்பிய அதே வாரம். யார் நினைவாக என்று கேட்டால் பெயரோடு 'விக்ராந்த், பாய்லர் அறை' என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள் அம்மா. ரசீதை அவள் பூர்வி ஸ்டார் இருக்கும் டப்பாவில் மடித்து வைத்திருக்கிறாள். தம்பி பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் மெஷினும் வாங்கிக் கொடுத்துவிட்டான், அது அவன் ஆசை. கோயில் கதவைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார்.

அப்பாவுக்காக இதைச் செய்தோம் என்று சொல்வதைவிட, அப்பா செய்துகொண்டிருந்ததை நாங்கள் நிறுத்தவில்லை என்று சொல்வதுதான் சரி. அவர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த ஒருவர் இன்று இல்லை. 1971-இல் இருபது, இருபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்குக் கிட்டேயோ மேலேயோ இருக்கும். அவர்களில் பலர் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு இருந்தவர், ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர், எவரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாதவர். அவர்கள் மனைவிமார் அதற்கும் மேல் மௌனமானவர்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு கோரிக்கை. டிசம்பர் 7 அன்று பள்ளிப் பிள்ளையோ அலுவலக ஊழியரோ கொடியை நீட்டினால், சில்லறை தேடாமல் ஒரு நோட்டாகக் கொடுங்கள். இரண்டாவது இதைவிட முக்கியம். உங்கள் தெருவில், உறவில், பட்டாளத்திலோ கப்பலிலோ இருந்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல் இருக்கும் பெரியவரோ, அவர் மனைவியோ இருந்தால், இந்த உதவித்தொகை இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, நீங்களே உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள்.